சுவரைப் பார்க்கப் போய் சாக்ஸைப் பார்த்த கதை

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போடுவது என்று தம்பி முடிவு செய்துவிட்டான். ஓடு ஒழுகுகிறது, சட்டமெல்லாம் இற்றுவிட்டது, ஓடு மாற்ற இப்போது ஆள் கிடைப்பதில்லை. அவன் சொல்வதெல்லாம் நியாயம்தான். மச்சில் கிடந்த சாமான்களை இறக்கி, வேண்டியது வேண்டாதது பிரிக்க என்னையும் வரச் சொல்லியிருந்தான்.

வேண்டாததுதான் அதிகம். உடைந்த அரிக்கேன் விளக்கு, அப்பாவின் குடைக் கம்பி, ஈயம் போன பாத்திரங்கள். அவற்றுக்கு நடுவே துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாக ஏரோகிராம்கள். நான் இங்கிலாந்தில் படித்த ஒரு வருஷத்தில் அம்மாவுக்கு எழுதியவை. எண்ணிப் பார்த்தேன், 31 இருந்தன. ஒன்றைக்கூட அம்மா தூக்கிப் போடவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஏரோகிராம் என்பது மெல்லிய நீலத்தாள். உள்பக்கம் எழுதி, மடித்து, ஓரத்தை ஒட்டி, வெளியே விலாசம் எழுதினால் அதுவே கவர். எடை குறைவு, செலவும் குறைவு. உள்ளே வேறு தாள் வைக்கக்கூடாது.

அந்த 31இல் ஒன்று 1979 மே 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை எழுதியது. முதல் நாள் பார்த்துவந்த ரோமானியர் கோட்டையைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதைப் படித்ததும் அந்த நாள் முழுவதும் ஞாபகம் வந்தது. அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் குடிநீர், வடிகால் வேலை பார்த்த இன்ஜினியர் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 29ஆம் வயதில் உதவித்தொகை கிடைத்து, நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரப் பொறியியல் படிக்கப் போனேன். ஒரு வருஷப் படிப்பு. வகுப்பில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். அந்த 1978–79 குளிர்காலம் இங்கிலாந்துக்காரர்களே முனகிய குளிர்காலம். பனியும் வேலைநிறுத்தமும் சேர்ந்து நாட்டையே முடக்கின. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு என் குளிரைப் பற்றித்தான் எப்போதும் கவலை. அவள் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கடிதத்தில் புள்ளி, கமா எதுவும் இருக்காது. எருமை கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இத்தனை படி இறங்கியது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஜனவரியில் தெரிந்த பையன் ஒருவன் இங்கிலாந்து வந்தபோது அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். மிளகு சீரகம் வறுத்து அரைத்த பொடி ஒரு பாட்டில். கதர்க் கடையில் வாங்கிய கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி. சாக்ஸ் என் காலுக்கு ஒரு அளவு சிறியது. என் கால் அளவு அவளுக்கு என் பள்ளிக்கூட நாளோடு நின்றுவிட்டது போல.

இனி அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். 1979 மே 5. முந்தின நாள்தான் மார்கரெட் தாட்சர் பிரதமராகப் பதவியேற்றிருந்தார். ரயிலில் எல்லாருடைய பேப்பரிலும் அந்த அம்மாள் முகம்தான். நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் நியூகாசிலில் இருந்து கார்லைல் போகும் ரயிலில் ஏறினோம். அவர் லிபியா நாட்டுக்காரர். நகரசபை இன்ஜினியர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். டைன் ஆற்றை ஒட்டியே போகும் அந்தப் பாதையில் பார்டன் மில் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே இறங்கி வடக்கே மேட்டில் ஏறினால் ஹேட்ரியன் சுவர்.

ஏறத் தொடங்கியதும் பின்னால் வந்த ஒரு காரை ஓட்டிய முதியவர் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவரும் அவர் மனைவியும் எங்களை ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து திரும்பி நடந்து, வழியில் விண்டோலாண்டா என்ற இன்னொரு இடத்தையும் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு இறங்கலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோமாபுரிப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்தான். அந்த ஆண்டு வாக்கில்தான் இதன் வேலை தொடங்கியது. கிழக்கே டைன் ஆற்றங்கரையில் உள்ள வால்சென்ட் தொடங்கி மேற்கே சால்வே கடற்கழி வரை, நாட்டின் குறுக்கே சுமார் 117 கிலோமீட்டர். ரோமானியர் கணக்கில் 80 மைல். மைலுக்கு ஒரு சிறு காவற்கோட்டை, இரண்டு காவற்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள், அதற்கு மேல் ஹவுஸ்ஸ்டெட்ஸ் போன்ற பெரிய கோட்டைகள். கட்டியவர்கள் மூன்று லீஜியன் படைவீரர்கள். கொத்தனார், தச்சர், சர்வேயர் எல்லாம் படைக்குள்ளேயே இருந்தார்கள்.

முதலில் 10 ரோமானிய அடி அகலம் என்று அஸ்திவாரம் போட்டார்கள். பிறகு நடுவிலேயே அகலத்தைக் குறைத்துவிட்டார்கள். அகலமான அஸ்திவாரத்தின்மேல் ஒடுங்கிய சுவர் நிற்பதை இன்றும் பல இடங்களில் பார்க்கலாம். வேலை நடக்கும்போதே மேலிடத்திலிருந்து டிசைனை மாற்றுவது நம் துறையில் மட்டும் நடப்பதில்லை என்று அன்று எனக்கு ஒரு ஆறுதல்.

ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டை ஒரு கரும்பாறை முகட்டின் மேல் இருக்கிறது. வடக்கே செங்குத்தாக இறங்கும் பாறை, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை புல்லும் சதுப்பும். சுமார் 5 ஏக்கர் பரப்பு. 800 பேர் வரை இருக்கக்கூடிய படை. தலைமையகம், தளபதி வீடு, மருத்துவமனை, தானியக் களஞ்சியம், வீரர் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் இடுப்பளவு சுவர்கள் நிற்கின்றன. களஞ்சியத்தில் தரையைத் தாங்கிய குட்டைத் தூண்கள் வரிசையாக இருக்கின்றன. தானியம் ஈரம் கோர்க்காமல் அடியில் காற்று ஓடுவதற்காகத் தரையை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

இது பாழான கதையும் உண்டு. 1599இல் வில்லியம் கேம்டன் என்ற அறிஞர் இந்தப் பக்கம் வந்தபோது, கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து இந்த இடத்துக்கு வராமலே திரும்பினார். பிறகு 18ஆம் நூற்றாண்டில் ராணுவத்துக்குச் சாலை போட்டபோது பல மைல் தூரத்துக்குச் சுவரை இடித்து அதன்மேலேயே போட்டார்கள். சுற்றியுள்ள பண்ணை வீடுகளின் கல்லும் இங்கிருந்து போனதுதான். நியூகாசில் நகர நிர்வாகத்தில் இருந்த ஜான் கிளேட்டன் என்ற வக்கீல், 19ஆம் நூற்றாண்டில் சுவர் ஓடும் நிலங்களைச் சொந்தப் பணத்தில் ஒவ்வொன்றாக வாங்கிப் பாதுகாத்திருக்கிறார். ஹவுஸ்ஸ்டெட்ஸை அவர் வாங்கியது 1838இல். அவர் இல்லாவிட்டால் நாங்கள் பார்க்க இவ்வளவும் மிஞ்சியிருக்காது.

எங்கள் இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தியது தென்கிழக்கு மூலையில் இருந்த கக்கூஸ்தான். சிரிக்காதீர்கள், அது எங்கள் பாடம். பிரிட்டனில் உள்ள ரோமானியக் கழிப்பறைகளில் இவ்வளவு நன்றாக மிஞ்சியது வேறில்லை. கோட்டை சரிவில் இருக்கிறது. அந்தச் சரிவின் மிகத் தாழ்ந்த மூலையில் இதைக் கட்டியிருக்கிறார்கள். முகட்டின் மேல் ஓடை கிடையாது. அதனால் கூரையில் விழும் மழைநீரைக் கல்தொட்டிகளில் பிடித்து, அந்தத் தண்ணீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டி ஆழமான சாக்கடை. அதன்மேல் வரிசையாக உட்காரும் பலகைகள் இருந்தன. மறைப்பு எதுவும் கிடையாது. முன்னால் ஒரு சின்ன ஓடை, கையைக் கழுவ இரண்டு கல்தொட்டிகள். கழிவெல்லாம் மதிலுக்கு அடியில் வெளியேறிச் சரிவில் இறங்கிவிடும்.

என் தோழர் முழங்கால் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாய்மானத்தைப் பார்த்தார். "சரியாகப் போட்டிருக்கிறான்," என்றார். எனக்கு வேறு நினைப்பு. நான் முதலில் வேலை பார்த்த ஊரில் தெருவுக்குத் தெரு எடுப்புக் கக்கூஸ். விடியற்காலையில் பெண்கள் தலையில் கூடையோடு போவதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். அதை ஒழிக்கத்தான் இந்தப் படிப்பே. 1,800 வருஷத்துக்கு முன் ஒரு மலை முகட்டில், மழைத் தண்ணீரை வைத்து இதைச் செய்திருக்கிறார்களே என்று நினைத்தபோது பெருமையாக இல்லை, வெட்கமாக இருந்தது. நம் நாட்டில் அந்த வேலையைத் தடை செய்யச் சட்டம் வந்தது 1993இல்தான்.

குளிர் காற்று முகத்தில் அறைந்தது. மே மாதம் என்று பெயர்தான். தோழர் மதிலில் சாய்ந்துகொண்டு, "இந்தச் சுவரை ரிப்பேர் செய்த ராஜா எங்கள் ஊர்க்காரர், தெரியுமா?" என்றார். செப்டிமியஸ் செவெரஸ் என்ற பேரரசர், லிபியாவின் கடற்கரையில் உள்ள லெப்டிஸ் மேக்னா என்ற நகரில் பிறந்தவர். 208இல் பெரும்படையோடு பிரிட்டனுக்கு வந்து, வடக்கே போர் நடத்தி, 211இல் யார்க் நகரில் இறந்துபோனார். "பாவம், எங்கள் ஆள். இந்தக் குளிரில் வந்து செத்துவிட்டார்," என்று சொல்லித் தன் கோட்டை இறுக்கிக்கொண்டார்.

அவர் சொன்னது எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தது. ரோமானியர் என்றால் எல்லாரும் ரோம் நகரத்து ஆட்கள் என்று நினைத்திருந்தேன். இந்தக் கோட்டையில் நெடுநாள் இருந்த துங்ரியர் படை இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து திரட்டப்பட்டது. சுவரின் மேற்குக் கோடியில் வட ஆப்பிரிக்காவின் மூர் இனப் படை ஒன்று இருந்திருக்கிறது. எங்கெங்கோ பிறந்தவர்கள் சம்பளத்துக்காக இங்கே வந்து குளிரில் நின்றிருக்கிறார்கள். உதவித்தொகைக்காக வந்து நின்ற எங்களுக்கும் அவர்களுக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

பையிலிருந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, ஆட்டு மந்தைகளுக்கு நடுவே தென்மேற்காக நடந்தோம். விண்டோலாண்டா சுவருக்கு முந்தியது. சுவர் வருவதற்கு ஏறக்குறைய 40 வருஷம் முன்பே இங்கே மரத்தால் கோட்டை கட்டி இருந்திருக்கிறார்கள். ஒரு படை போகும், அடுத்த படை வரும். வருகிறவர்கள் பழைய கட்டடத்தை இடித்து, மேலே களிமண்ணும் புல்கட்டியும் பரப்பி, அதன்மேல் புதிதாகக் கட்டுவார்கள். இப்படி அடுக்கின்மேல் அடுக்கு. அடியில் சிக்கியவற்றுக்குக் காற்றே போகவில்லை. காற்றில்லாத ஈர மண்ணில் தோலும் மரமும் மக்குவதில்லை. மியூசியத்தில் தோல் செருப்புகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆண்கள் செருப்பு, பெண்கள் செருப்பு, கைக்குழந்தைக்குப் போடுகிற அளவில்கூட ஒன்று.

அங்கே இருந்த பணியாளர் எங்களை ஒரு புகைப்படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். போஸ்ட் கார்டு அளவில் ஒரு மெல்லிய மரச்சில்லு. அதில் மங்கலாகக் கோழி கிளறியது போன்ற கோடுகள். அவர் சொன்ன கதை இது.

அகழ்வாராய்ச்சி செய்த ராபின் பெர்லி, குழிகளில் தேங்கும் தண்ணீரை வடியவைக்க ஒரு வாய்க்கால் வெட்டினார். (கவனியுங்கள், வடிகால் வேலை!) அதில்தான் ஆழத்தில் பழைய மரக் கட்டடங்கள் இருப்பது தெரிந்தது. 1973 மார்ச் மாதம் அந்த அடுக்கிலிருந்து, இழைப்புளியில் சீவிய சுருள் மாதிரி மெல்லிய மரத்துண்டுகள் கிடைத்தன. இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்தால் உள்ளே மையெழுத்து! ஆனால் காற்றுப் பட்டதும் எழுத்து மங்கி, துண்டு முழுவதும் கறுத்துவிட்டது. அதை நியூகாசில் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் புகைப்பட நிபுணர் ஆலிசன் ரதர்ஃபோர்டிடம் எடுத்துப் போனார்கள். அவர் அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்தார். கரியால் செய்த மை அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. நான் படித்துக்கொண்டிருந்த அதே பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் முன்பு நடந்த காரியம். எனக்கு அதுவரை தெரியாது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று தோழர் கேட்டார். ராஜாங்க உத்தரவு, போர்த் திட்டம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தோம். பணியாளர் சிரித்துக்கொண்டே, "சாக்ஸ்," என்றார்.

ஆமாம். யாரோ ஒருவர் இந்தக் கோட்டையில் இருந்த ஒருவனுக்குக் காலுறை சில ஜோடி, செருப்பு இரண்டு ஜோடி, உள்ளாடை இரண்டு ஜோடி அனுப்பியிருப்பதாக எழுதிய கடிதம் அது. கூட இருக்கும் நண்பர்களை விசாரித்ததாகச் சொல்லவும் என்று முடிகிறது. அனுப்பியவர் பெயர் இருந்த பகுதி போய்விட்டது. பெற்றவன் பெயரும் இல்லை. காலுறை மட்டும் இருக்கிறது.

அந்த மரச்சில்லுகளை எப்படி உபயோகித்தார்கள் என்பதையும் காட்டினார். உள்பக்கம் எழுதி, நடுவில் மடித்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதுவார்கள். நான் பதில் சொல்லாமல் நின்றேன். அன்று என் காலில் இருந்தது அம்மா அனுப்பிய கதர்க் கடை சாக்ஸ். கோட் பையில் முந்தின நாள் வந்த அவள் ஏரோகிராம் மடித்தபடி இருந்தது.

ஸ்டேஷனுக்கு இறங்கும் வழியில் தோழர் கேட்டார். "உங்கள் அம்மா வாரா வாரம் எழுதுகிறார்களே, என்ன எழுதுவார்கள்?"

"ஒன்றும் இருக்காது. எருமை, பால், மழை, சாக்ஸ் போட்டாயா. அவ்வளவுதான்," என்றேன்.

"அதைத்தானே நாம் இப்போது அரை மணி நேரம் நின்று பார்த்தோம்," என்றார் அவர்.

அந்த நேரத்தில் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இப்போது என் கையில் இருக்கிறது. சுவரின் நீளம், அகலம், எத்தனை கோட்டை, எந்த ராஜா என்று பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதியிருக்கிறேன். மழைநீர்த் தொட்டி பற்றி ஆறு வரி. சாக்ஸ் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அனுப்பிய சாக்ஸ் அன்று காலில் இருந்தது என்றும் இல்லை. அம்மாவிடம் பெரிய விஷயம்தான் சொல்ல வேண்டும் என்று அந்த வயதில் ஒரு எண்ணம். அவள் எழுதிய பதிலில் ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கிறது: "கோட்டை பார்க்கப் போகும்போது காலுக்குப் போட்டுக்கொண்டு போனாயா."

அதன் பிறகு விண்டோலாண்டாவைப் பற்றி வந்ததையெல்லாம் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இதுவரை 1,700க்கும் மேற்பட்ட மர ஏடுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆலன் போமன், டேவிட் தாமஸ் என்ற இரண்டு அறிஞர்கள் பல வருஷம் உட்கார்ந்து அவற்றைப் படித்து வெளியிட்டார்கள். 1988இல் கிடைத்த ஒரு ஏடு, நாங்கள் ஹவுஸ்ஸ்டெட்ஸில் கேள்விப்பட்ட அதே துங்ரியர் படை அதற்கு முன் விண்டோலாண்டாவில் இருந்தபோது எடுத்த ஆள் கணக்கு. மொத்தம் 752 பேர். வெளி வேலைக்குப் போனவர் போக முகாமில் இருந்தவர் 296. அதில் நோயாளி 15, காயம்பட்டவர் 6, கண்வலி 10. மீதி 265 பேர்தான் வேலைக்குத் தகுதி. பேரரசின் எல்லையைக் காத்த படை என்கிறோம். பேரேட்டைப் பார்த்தால் பத்துப் பேர் கண்வலியில் படுத்திருக்கிறார்கள். மஸ்டர் ரோல் பார்த்துச் சம்பளம் போட்ட எனக்கு இந்த ஏட்டின்மேல் தனிப் பிரியம் உண்டு.

இன்னொன்று நம் சம்பந்தப்பட்டது. அங்கே கிடைத்த ஒரு கணக்கு ஏட்டில், காம்பாக்ஸ் என்ற ஒரு வீரன் பெயரோடு ஒரு பற்று இருக்கிறது: மிளகு, 2 தெனாரியஸ். அந்தக் காலத்தில் ஒரு லீஜியன் வீரனின் ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியஸ். அதாவது இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல் மிளகுக்குக் கொடுத்திருக்கிறான். அந்த மிளகு விளையும் இடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் சேரநாட்டு முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. முசிறியிலிருந்து பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல், அங்கே பெரெனிகே துறைமுகம், பாலைவனத்தில் ஒட்டகம், நைல் நதிப் படகு, அலெக்சாண்டிரியா, மத்தியதரைக் கடல் என்று மிளகு போனது. பெரெனிகேயில் அகழ்ந்தபோது இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதன் உறவுக்கார மிளகு, பிரிட்டனின் வடகோடியில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவனின் கஞ்சிக்குப் போயிருக்கிறது. அம்மா அனுப்பிய பாட்டிலைத் திறந்து நான் ரசம் வைத்த இடத்துக்கு 50 கிலோமீட்டர் தள்ளி!

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1985இல் கிடைத்த ஏடு. கி.பி. 100 வாக்கில் எழுதியது. பக்கத்துக் கோட்டைத் தளபதி ஒருவரின் மனைவி கிளாடியா செவெரா, விண்டோலாண்டா தளபதி செரியாலிஸின் மனைவி சுல்பிசியா லெபிடினாவுக்கு எழுதிய கடிதம். செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் எனக்குச் சந்தோஷம் என்று அழைக்கிறாள். உடம்பெல்லாம் எழுத்தர் ஒருவர் அழகாக எழுதியது. கடைசியில் சில வரிகள் மட்டும் வேறு கையெழுத்து, கோணல் மாணலாக. அது செவெராவே எழுதியது. ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எழுத்தரின் அழகான கையெழுத்தை யாரும் கவனிப்பதில்லை. எல்லாரும் அந்தக் கோணல் வரிகளைத்தான் பார்க்கிறார்கள்.

இவை நமக்குக் கிடைத்ததும் ஒரு தற்செயல்தான். 105 வாக்கில் செரியாலிஸின் படைக்கு டான்யூப் பக்கம் போக உத்தரவு வந்தது. மூட்டை கட்டும்போது வேண்டாத காகிதங்களை, அதாவது மர ஏடுகளை, குவித்துக் கொளுத்தினார்கள். நெருப்பு முழுதும் எரியாமல் அணைந்துபோனது. மழை வந்திருக்க வேண்டும். அந்த ஊரின் மழையை நான் அறிவேன். எரியாமல் மிஞ்சியதை அடுத்து வந்தவர்களின் களிமண் மூடியது.

இப்போது என் கதையின் வெட்கமான பகுதி. அதே 1979 அக்டோபரில் நான் ஊர் திரும்ப மூட்டை கட்டினேன். விமானத்தில் 20 கிலோதான் அனுமதி. வகுப்பு நோட்டுகள் 6 கிலோ, புத்தகங்கள் 5 கிலோ, எல்லாருக்கும் வாங்கிய சாமான்கள். அம்மாவின் கடிதங்கள் ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு மேஜை டிராயரில் இருந்தன. கால் கிலோகூட இருக்காது. ஊருக்குத்தான் போகிறோமே, அம்மாவையே பார்க்கப் போகிறோமே, கடிதம் எதற்கு என்று குப்பைக் கூடையில் போட்டேன். ஐந்து மாதத்துக்கு முன் அந்த மியூசியத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்ற அதே ஆள்தான்.

வகுப்பு நோட்டுகளை நான் ஓய்வு பெறும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். அதில் இருந்த டிசைன் முறையெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. அம்மா 1996இல் காலமானாள். அவள் கையெழுத்தில் வீட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பி கூடவே இருந்தவன், அவனுக்குக் கடிதம் எழுத அவசியம் இல்லை. ரேஷன் கார்டில்கூட அப்பா கையெழுத்துதான்.

சென்ற மாதம் அந்த மே 6 ஏரோகிராமைப் படித்துவிட்டுத் திருப்பினேன். விலாசத்துக்குக் கீழே, ஒட்டுவதற்காக விட்டிருக்கும் மடிப்பின் ஓரத்தில், பென்சிலில் ஏதோ கிறுக்கல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பால் 14 படி. புண்ணாக்கு 8 ரூபாய். மண்ணெண்ணெய். அதற்குக் கீழே ஒரு கூட்டல், அடித்துவிட்டு மறுபடி போட்டது. புள்ளி வைக்காத எழுத்துகள். கையில் கிடைத்த தாளில் பால் கணக்கு எழுதியிருக்கிறாள்.

தம்பியும் அவன் மனைவியும் கீழே இருந்து சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் மீதி 30 கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இன்னும் நான்கில் இருந்தது. ஒன்றில் வண்ணான் துணிக் கணக்கு. ஒன்றில் யாருக்கோ கொடுத்த கைமாற்று 15 ரூபாய். ஒன்றில் பேத்தியின் பிறந்த நட்சத்திரம். இன்னொன்றில் என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்க முடியவில்லை. பென்சில் அழிந்துவிட்டது.

ஊரிலிருந்து வந்ததும் மகனிடம் காட்டினேன். அவன் போனில் படம் பிடித்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, கொஞ்ச நேரம் ஏதோ செய்தான். "அப்பா, இது 'காலுறை'ன்னு இருக்கற மாதிரி இருக்கு," என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை. 'கால்படி' என்றும் இருக்கலாம். எப்படியானாலும் டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் வீட்டு மச்சிலும் இப்படி ஒரு டின் இருந்தால், போடுவதற்கு முன் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.